கேள்வி மாணவருடையதாக இருக்கட்டும்: இளநிலை ஆய்வுகளுக்குக் கைடாக இருந்து கற்றவை

இறுதியாண்டு ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் தலைப்போடு வருகிறார்கள், கேள்வியோடு வருவதில்லை. 'பருவநிலை மாற்றமும் பூச்சிகளும்', 'நுண்ணுயிர்களும் மண்வளமும்' என்று அகலமான தலைப்புகள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் என்ன வேலை செய்வது என்று கேட்டால் பதில் வராது. உயிரியல் துறையில் பல வருடங்களாக இளநிலை மாணவர்களின் தனி ஆய்வுகளுக்குக் கைடாக இருக்கிறேன். கேள்வியை மாணவரின் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக்கத் துணை நிற்பதுதான் ஒரு கைடு செய்யக்கூடிய பெரிய உதவி என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு அப்புறம் அந்தக் கேள்வியிலிருந்து நம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினம்.

தலைப்பை நாமே கொடுத்துவிடலாமே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஆய்வகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுப்பது எளிது, நேரமும் மிச்சம். கருவிகள் விலையுயர்ந்தவையாக இருக்கும் துறைகளில் வேறு வழியும் இல்லை. அப்படிக் கொடுத்தாலும், அந்தத் துண்டுக்குள் எதை ஒப்பிடுவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவில் ஒன்றாவது மாணவருடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அப்படி ஒரு முடிவுகூட எடுக்காத மாணவர் நல்ல உதவியாளராகத் தேறுவார். 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்டால் 'மேம் சொன்னாங்க' என்பதைத் தவிர அவரிடம் பதில் இருக்காது.

கேள்வி எப்படிச் சிறியதாகிறது என்பதற்கு ஒரு மாணவியின் ஆய்வைச் சொல்கிறேன். அவர் கொண்டுவந்த தலைப்பு, மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் மீது பருவநிலை மாற்றத்தின் தாக்கம். ஒரு கல்வியாண்டுக்குள் பருவநிலை மாற்றத்தை அளக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில் எங்கே போய் நிற்பாய்? எதை எண்ணுவாய்?" என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, "துறைக்குப் பின்னால் இருக்கிற பூச்செடிப் பாத்தியில், மேம்" என்றார். எதை எண்ணுவாய்? பூவில் வந்து உட்கார்கிற பூச்சிகளை. எந்த நேரத்தில்? அந்த இடத்தில் அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையில் வருவதும் மதியம் வருவதும் ஒரே பூச்சிதானா, மேம்?" என்றார். அதுதான் கேள்வி. பருவநிலை மாற்றம் அன்றைக்கே விடைபெற்றுப் போய்விட்டது. அவரே அனுப்பிவைத்தார், நான் அல்ல.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றும் கேட்பேன்: நீ எதிர்பார்ப்பது தப்பு என்றால் அது உன் டேட்டாவில் எப்படித் தெரியும்? இதற்குப் பதில் இல்லாத ஆய்வு எந்த முடிவு வந்தாலும் 'எதிர்பார்த்தபடி' என்றே முடியும். கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுத்துவிடுகிறேன். 'வேறுபாடு எதுவும் இல்லை' என்று முடிவு வந்தாலும் மதிப்பெண் குறையாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். டேட்டா வந்த பிறகு சொன்னால் ஆறுதல் வார்த்தை மாதிரிதான் கேட்கும்.

அப்புறம் பைலட் ஸ்டடி, அதாவது சின்ன அளவில் செய்து பார்க்கும் முன்னோட்டம். லிட்ரேச்சர் ரிவியூவை, அதாவது முன்பு வந்த கட்டுரைகளைப் படித்துத் தொகுப்பதை, முழுதாக முடித்துவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. சில நல்ல கட்டுரைகளைப் படித்ததும் மாணவரைக் களத்துக்கு அனுப்பிவிடுகிறேன். களத்தில் தடுக்கி விழுந்த பிறகு அதே கட்டுரைகளைத் திரும்பப் படிக்கும்போதுதான் செய்முறைப் பகுதியில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று புரிகிறது. அந்த மாணவி கொண்டுவந்த முதல் தாளில் 'தேனீ' என்று ஒரே ஒரு கட்டம். அதன் கீழே கோடு கோடாக எண்ணிக்கை. பக்கத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் மழைத்தூறல், காற்று, பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டது என எல்லாம் குவிந்து கிடந்தது.

போனில் எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட பூச்சிகள்தான் எல்லாம். ஆனால் அவற்றில் பாதியளவுக்குத் தேனீயே இல்லை. ஹோவர்ஃப்ளை என்கிற ஈ, தேனீ மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு பூவுக்கு வரும். தேனீக்கு இரண்டு ஜோடி இறக்கை, ஈக்கு ஒரு ஜோடிதான். ஈயின் உணர்கொம்பு குட்டையாக இருக்கும், கண்கள் தலையையே அடைத்துக்கொண்டிருக்கும், அந்தரத்தில் அசையாமல் நிற்கும். இதையெல்லாம் நான் வரிசையாக ஒப்பிக்கவில்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, "வித்தியாசம் ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கையில் நாலு அடையாளங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. இறக்கைகளை எண்ணுவது களத்தில் நடக்காது, பூச்சி பறந்துவிடும், கண்ணையும் கொம்பையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்பதையும் அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார். அது எந்தக் கட்டுரையிலும் படித்து எழுதியதல்ல, அவருடைய செய்முறை.

பிரித்தது சரியா என்பது அடுத்த சிக்கல். அதற்கு ஒரு தோழியைக் கூட அழைத்துப் போகச் சொன்னேன். ஒரே செடியை ஒரே நேரத்தில் இருவரும் தனித்தனியாக எண்ணி, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். இரண்டு தாள்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, தற்செயலாக ஒத்துப்போகக்கூடியதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிற அளவுதான் கோஹன்ஸ் கப்பா. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்தது. புள்ளியியல் வகுப்பில் சூத்திரமாக மட்டும் பார்த்திருந்த அந்த மாணவிக்கு, தன் தாளையும் தோழியின் தாளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த அன்று அது எதற்காக இருக்கிறது என்பது புரிந்தது. வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

டேட்டா சேர்ந்த பிறகு அவர் தயங்கியபடி வந்தார். தேனீக்களைவிட ஈக்கள் அதிகமாக வந்திருந்தன. "பாடப்புத்தகத்தில் தேனீதான் முக்கியம் என்று போட்டிருக்கிறது, மேம். நான் எங்கேயோ தப்பாக எண்ணியிருப்பேன், அந்த நாட்களை எடுத்துவிடவா?" என்றார். இளநிலை ஆய்வில் மிக முக்கியமான தருணம் இதுதான் என்று நினைக்கிறேன். மாணவருக்குத் தன் எண்ணைவிட அச்சில் வந்த வரி மீது நம்பிக்கை அதிகம். இங்கே நாம் 'ஆமாம், எடுத்துவிடு' என்றாலும் தப்பு. 'இல்லை, உன் எண்தான் சரி' என்றாலும் தப்பு. இரண்டிலும் முடிவு நம்முடையதாகிவிடும். "எங்கே தப்பியிருக்கும் என்று தேடிப் பார். தப்பு கிடைத்தால் எடுத்துவிடு, கிடைக்காவிட்டால் எடுக்காதே" என்றேன். தாள்களையும் படங்களையும் மறுபடி ஒத்துப்பார்த்தார். தப்பு கிடைக்கவில்லை. எண்கள் அப்படியே தீசிஸில் ஏறின. பூவில் வந்து உட்கார்ந்ததை மட்டும் வைத்து மகரந்தச் சேர்க்கை நடந்தது என்று எழுத முடியாது என்பதையும் முடிவுரையில் அவரே சேர்த்தார்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு டயேன் ஹார்ட்லியின் கதையைச் சொல்வேன். 1978-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த இளநிலை மாணவி. தன் தீசிஸுக்காக, நியூயார்க்கில் 1977-ல் கட்டி முடித்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தை எடுத்துக்கொண்டார். அதன் தூண்கள் மூலைகளில் இல்லை, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்கின்றன. காற்று நேராக மோதும்போது என்ன ஆகும், மூலைவிட்டமாக மோதும்போது என்ன ஆகும் என்று இரண்டையும் கணக்கிட்டார். மூலைவிட்டக் காற்றில் அழுத்தம் அதிகமாக வந்தது. வடிவமைத்த பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்தார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டில் அந்தக் கட்டடத்தின் போல்ட் இணைப்புகள் மீது இரவுகளில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து இரகசியமாகப் பலப்படுத்தினார்கள். விஷயம் வெளியே வந்தது 1995-ல். கட்டடம் உண்மையில் எவ்வளவு ஆபத்தில் இருந்தது என்பதைப் பற்றிப் பிற்கால ஆய்வுகள் வேறு மாதிரியும் சொல்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: இருபது வயதைத் தாண்டிய ஒரு மாணவி சரியான கேள்வியைக் கேட்டு, கணக்கும் போட்டு, பெரியவர்கள் சொன்னதும் அதைக் கீழே வைத்துவிட்டார். அப்படிக் கீழே வைக்கும் முன் 'சரி, அந்தக் கணக்கை எனக்குக் காட்டுங்கள்' என்று கேட்கும் தைரியத்தை மாணவருக்குத் தருவது கைடின் கடமை. அந்தத் தைரியம் நம்மிடமே கேட்டுப் பழகினால்தான் வரும். என்னுடைய கருத்தை மறுத்து மாணவர் எதையாவது கொண்டுவந்தால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் பார்ப்பதில்லை, உட்கார்ந்து கேட்கிறேன்.

சந்திப்புகளைப் பற்றி. வாரம் ஒரு முறை, குறித்த நேரத்தில், வேலை நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும். 'ஏதாவது இருந்தால் வா' என்று சொன்னால் யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்தான் வரமாட்டார். சந்திப்பு முடிந்த மறுநாளுக்குள் மாணவர் அரைப் பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்: என்ன முடிவு செய்தோம், அடுத்து என்ன, எது இன்னும் புரியவில்லை. இதை நான் எழுதித் தருவதில்லை. அவர் எழுதுவதைப் படித்தால்தான் நான் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது. பல முறை நான் சும்மா சொன்ன யோசனை அங்கே கட்டளையாக மாறியிருக்கும். அதே வாரத்தில் திருத்திவிடலாம்.

சில மாணவர்கள் திடீரென்று காணாமல் போவார்கள். மெயிலுக்குப் பதில் இருக்காது, வராந்தாவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போவார்கள். சோம்பல் என்று முடிவு கட்டுவது சுலபம். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் பயம்தான். ஒரு வாரம் வேலை நின்றிருக்கும், அதைச் சொல்லக் கூச்சம். கூச்சத்தால் இன்னொரு வாரம் போயிருக்கும். இப்போது இரண்டு வாரத்துக்குச் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சமயத்தில் 'சாப்டர் எங்கே?' என்று கேட்டு மெயில் அனுப்பினால் இன்னும் தள்ளிப் போவார்கள். 'கையில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு வா, பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி, நாம் சேர்ந்து பார்க்கலாம்' என்று எழுதினால் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். வந்தவுடன் அந்த அறையிலேயே, அந்த மணி நேரத்திலேயே முடித்துவிடக்கூடிய ஒரு சின்ன வேலையைச் செய்யவைக்கிறேன். ஒரு வரைபடம், ஒரு பத்தி. விட்டுப்போன நூலை மறுபடி பிடித்துக்கொள்ள அது போதும். வீட்டுச் சிக்கலோ உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்தால் கைடு ஒருவரே தாங்கிப் பிடிக்க முயலக் கூடாது. ஆலோசகரிடம் கூட்டிப் போவதும், கெடுவைத் தள்ளிவைக்க முறைப்படி என்ன வழி என்று விசாரித்துச் சொல்வதும் நம் வேலை.

கால அட்டவணை விஷயத்தில் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனித மனமே அப்படித்தான். ஒரு வேலைக்கு எவ்வளவு நாளாகும் என்பதை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. இளநிலை தீசிஸ் எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது, மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே பற்றவில்லை. அதனால் 'உனக்கு எவ்வளவு நாளாகும்?' என்று நான் கேட்பதில்லை. போன வருட மாணவருக்கு அதே வேலைக்கு எவ்வளவு ஆனது என்று அவரிடமே போய்க் கேட்டு வரச் சொல்கிறேன். அட்டவணையைச் சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுகிறோம். கடைசி மாதம் எழுதுவதற்கு மட்டும், அதில் புது டேட்டா எடுக்க அனுமதி இல்லை.

மனிதர்களிடம் தகவல் சேகரிக்கும் ஆய்வு என்றால், கேள்வித்தாள் எவ்வளவு எளிதாக இருந்தாலும், எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி முதலில். தகவல் எடுத்த பிறகு அனுமதி கேட்டால் அந்தத் தகவலைப் பயன்படுத்த முடியாமல் போகும். அந்த அனுமதி வர ஆகும் காலத்தையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

டேட்டா கோப்பு பற்றி ஒரு வார்த்தை. முதலில் பதிவு செய்த கோப்பை யாரும் தொடக் கூடாது. பிரதி எடுத்து அதில்தான் வேலை. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். எக்ஸெல் தானாகச் செய்யும் மாற்றங்களை மாணவர்கள் நம்பமாட்டார்கள், அதனால் மரபணுப் பெயர்களின் கதையைச் சொல்வேன். செப்ட்2, மார்ச்1 என்ற பெயர்களைத் தட்டினால் எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிடும். வெளியான கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளிலேயே இந்தப் பிழைகள் மலிந்து, கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-ல் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. மென்பொருள் மாறும் முன்பே மரபணுவின் பெயர் மாறியது! இதைக் கேட்ட மாணவர்கள் அப்புறம் கோப்பைத் திறந்தால் தேதிக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

எழுத்தைத் திருத்துவதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் இரண்டு பக்கங்களை மட்டும் வரி வரியாகப் பார்த்துக் குறிப்பெழுதுவேன். மீதிப் பக்கங்களில் அதே வகைத் தவறுகளை மாணவரே தேட வேண்டும். முழு டிராஃப்டையும் நானே திருத்திக் கொடுத்தால் அவர் 'ஏற்றுக்கொள்' பட்டனை அமுக்குவதோடு வேலை முடிந்துவிடும். புரியாத வாக்கியத்தைத் திருத்தி எழுதாமல், பேனாவை வைத்துவிட்டு, "இதில் என்ன சொல்ல வந்தாய்?" என்று வாயால் கேட்பேன். அவர் சொல்வார், நன்றாகவே சொல்வார். "இப்போது சொன்னதை அப்படியே எழுது" என்பேன். செய்முறைப் பகுதியை வேலை நடக்கும்போதே எழுதிவிடச் சொல்கிறேன். எந்த லென்ஸ், எத்தனை நிமிட இடைவெளி என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஏஐ கருவிகளை மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தாதே என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நிறுவனத்தின் விதி எதுவோ அதற்கு உட்பட்டு, எங்கே பயன்படுத்தினாய் என்று எழுதித்தரச் சொல்கிறேன். மேற்கோள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை. இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரையைக்கூட ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் போட்டு நம்பும்படி கொடுக்கும். அதனால் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் மாணவர் திறந்து பார்த்திருக்க வேண்டும். சந்திப்பில் எதையாவது ஒன்றைத் தொட்டு, "இதில் என்ன செய்தார்கள்?" என்று கேட்பேன்.

ஆய்வு கட்டுரையாக வெளிவந்தால் யார் பெயர் எங்கே என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிகள் பல துறைகளுக்கும் பொருந்தும்: ஆய்வின் திட்டத்திலோ தகவலிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். அந்த மாணவி மாதிரி கேள்வி, களம், எழுத்து எல்லாம் தானே செய்தவர் முதல் பெயராக வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பதும், மாணவர்தானே என்று பெயரை விடுவதும் அந்த வயதில் அவர்களுக்கு ஆய்வுலகத்தைப் பற்றி என்ன கற்றுத்தரும்?

வைவாவுக்கு முன்னால் ஒரு ஒத்திகை வைக்கிறோம். கேள்வி கேட்பவர்கள் ஆசிரியர்கள் அல்ல, அடுத்த ஆண்டு ஆய்வு செய்யப்போகும் மாணவர்கள். அவர்கள் கூச்சமில்லாமல் அடிப்படையைக் கேட்பார்கள்: ஏன் இந்தச் செடி, ஏன் மதியம், மழை நாளை ஏன் விட்டாய். இந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னவர் புறத்தேர்வாளர் முன்னால் தடுமாறுவதில்லை. 'அதை நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும்' என்று சொல்வதும் முழுமையான பதில்தான் என்பதையும் அந்த ஒத்திகையில் சொல்லிப் பழக்குகிறோம்.

சமர்ப்பித்த பிறகு மாணவர் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று பாக்கி. மூலக் கோப்புகள், படங்கள், களத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, எது என்ன என்று விளக்கும் ஒரு பக்கத்தோடு துறையில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியில், நேரம் கிடைத்திருந்தால் அடுத்து எதைப் பார்த்திருப்பேன் என்று எழுதச் சொல்கிறேன். ஈக்களை எண்ணிய அந்த மாணவி, ஒரு பூவில் ஒவ்வொரு பூச்சியும் எத்தனை வினாடி உட்கார்கிறது என்பதை அளக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை இப்போது ஒரு மாணவர் எடுத்திருக்கிறார், வரும் வாரம் பைலட் தொடங்குகிறார்.